ரிப்பன் வெட்டிய மறுநாள் கரண்ட் பில் யார் கட்டுவது?

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் சத்தம் போட்டுச் சொல்லிவிடுங்கள். நகராட்சி ஆபீஸ்களில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவன் நான், மேடைக் குரல் எனக்கு வராது.

எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசினார்கள். முதலில் வந்த கடைக்காரர், பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் தருமபுரி டவுனே படுத்துவிடும், அதனால் இருக்கிற இடத்திலேயே இடித்துப் பெரிதாகக் கட்டுங்கள் என்றார். அடுத்து வந்தவர் குடியிருப்பவர்கள் சார்பில் பேசினார். நான்கு ரோட்டில் ஆம்புலன்ஸ் திரும்ப வழியில்லை, இந்த நெரிசலுக்குள் இன்னும் கோடிக் கணக்கில் கொட்டுவது தெண்டம், வரி கட்டுகிறவன் நான், வசதி வெளியூர்க்காரனுக்கா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் நல்ல கைதட்டல். தட்டியது பெரும்பாலும் அதே கைகள்தான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் ஒன்றும் தப்பில்லை, இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

நான் பேச வந்தது வேறு கணக்கு. ஒரு கட்டடம் கட்டுகிற பணம் எங்கிருந்தோ வந்துவிடும், மானியம், கடன், ஏதோ ஒரு திட்டத்தின் பெயர். கட்டியதை வைத்து நடத்துகிற பணம் மட்டும் நம் பையிலிருந்துதான் வரவேண்டும், அதுவும் வருடா வருடம். முதல் பணத்தைப் பற்றித்தான் ஊரே சண்டை போடுகிறது. இரண்டாவதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

அரசு செலவு என்றாலே எதிர்க்கிற ஊர் இல்லை இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் அடிக்கல், 2013இல் தண்ணீர், சுமார் 1,928 கோடி ரூபாய் திட்டம், ஜப்பான் கடனும் அதில் இருந்தது. கர்நாடகத்திலிருந்து எதிர்ப்பு வந்ததே தவிர, இந்த மாவட்டத்தில் யாரும் வீண் செலவு என்று மேடை போடவில்லை. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகப் போனவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள், எதற்குச் செலவு என்று கண்ணாடி பார்த்தாலே தெரிந்தது. அடிக்கல்லை மட்டும் பார்த்து மயங்குகிற ஊரும் இல்லை. தருமபுரி–மொரப்பூர் ரயில் பாதை 1941இல் நின்றுபோனது, மறுபடி போட அடிக்கல் வைத்தது 2019இல். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, இது அரசியல் மேடை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தருமபுரி நகராட்சியில் 68,619 பேர். மாவட்டத்தில் 15 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 1965இல் சேலத்திலிருந்து பிரித்து மாவட்டத் தலைநகர் ஆக்கியதிலிருந்து அந்த 15 லட்சம் பேருக்கும் டவுன் இதுதான். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறார்கள், பட்டுக்கூடு விற்க வருகிறார்கள். ஆனால் மேலிருந்து பணம் பிரிக்கும்போது இங்கே ராத்திரி படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் எண்ணுகிறார்கள். பகலில் வந்து போகிற கூட்டம் எந்தக் கணக்கிலும் இல்லை. 2015இல் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது, நாடு முழுக்க 100 நகரங்கள், நாம் இல்லை. அதே வருடம் அம்ருத் என்ற இன்னொரு நகர்ப்புறத் திட்டம் வந்தது, அது அப்போது பொதுவாக ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு, அதிலும் நாம் வெளியே நின்றோம். பஞ்சாயத்துக்கான பணமும் கிடையாது, மாநகராட்சிக்கான பணமும் கிடையாது.

வரி கட்டுகிற நான் ஏன் வெளியூர்க்காரனுக்குச் செலவு செய்யவேண்டும் என்று நண்பர் கேட்டாரே, அந்தக் கோபம் இங்கிருந்துதான் வருகிறது. கோபம் நியாயம்தான், ஆனால் அந்த வெளியூர்க்காரர் வராவிட்டால் சின்னசாமி நாயுடு தெருவிலும் ஆறுமுக ஆசாரி தெருவிலும் பாதிக் கடை ஷட்டரைத் திறக்கவே வேண்டியதில்லை. கடைக்கு ஆள் வந்தால்தான் கடைக்கு வாடகை, அந்த வாடகை மதிப்பை வைத்துத்தான் நகராட்சிக்கு வரி. அதனால் அவருக்குச் செலவு செய்வதைத் தர்மம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், திட்டத்தில் வராத நகராட்சி என்ன செய்யும்? மாநில அரசுப் பணம் கொஞ்சம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் மாதிரி, மீதிக்கு அரசு நிதி நிறுவனத்தில் கடன், அல்லது தனியாரோடு கூட்டு. கடன் கொடுப்பவர் கேட்கிற முதல் கேள்வி, எதிலிருந்து திருப்பிக் கட்டுவாய்? கழிப்பறையிலிருந்து பெரிய வருமானம் வராது, நடைபாதையிலிருந்து ஒரு பைசா வராது. கடை வாடகையிலிருந்து வரும். அதனால் பஸ் ஸ்டாண்ட் என்று ஆரம்பித்த வரைபடம் மேஜைக்கு மேஜை நகர நகர, பஸ் நிற்க இடம் வைத்த வணிக வளாகமாக மாறிவிடும். எந்த இஞ்சினியரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, கடன் கணக்கு அவரை அப்படி வரைய வைக்கிறது. பயணி உட்கார நாலு பெஞ்ச், கடை அறுபது. முதல் மாடியில் கட்டிய கடைகள் ஏலம் போகாமல் பூட்டிக் கிடப்பதை நீங்கள் எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறீர்கள்? வாடகை வராது, கடனுக்குத் தவணை மட்டும் வந்துகொண்டே இருக்கும், அதைப் பொது நிதியிலிருந்து எடுத்துக் கட்டுவார்கள், அந்த வருடம் சாக்கடை தூர்வாரப் பணம் இருக்காது.

இதைச் சொல்லும்போது கடைக்காரர்கள் தலையாட்டுகிறீர்கள். அடுத்ததற்கும் ஆட்டுகிறீர்களா பார்ப்போம். நகராட்சிக் கடையை ஏலம் எடுத்து, அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டு, நகராட்சிக்குக் கட்டுவதுபோலப் பல மடங்கு கையில் வாங்குகிற வழக்கம் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இல்லை? நான் வேலை பார்த்த ஓர் ஊரில் வாடகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களுக்கும் கல்லாவில் உட்கார்ந்திருந்த முகங்களுக்கும் சம்பந்தமே இருக்காது. டவுன் மையத்தைப் பொதுப் பணத்தில் மேம்படுத்துங்கள் என்று நாம் கேட்டால், அதனால் கூடுகிற வாடகை பொதுக் கணக்குக்கு வரவேண்டும் என்றும் நாமே கேட்கவேண்டும்.

ம், இதற்குக் கைதட்டல் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை.

இப்போது கழிப்பறைக்கு வருகிறேன், சிரிக்காதீர்கள். நான் இருந்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் நல்ல கழிப்பறை கட்டினார்கள். சுவர் முழுக்க டைல்ஸ், வாசலில் கிரானைட், பெண்கள் பக்கம் தனி வழி. குறை சொல்ல முடியாத வேலை. திறப்பு விழா முடிந்து முதல் கோடை வந்தது, போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது, லாரித் தண்ணீருக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று தெரியவில்லை. எஸ்டிமேட்டில் கட்டுமானம்தான் இருந்தது, தண்ணீர் வாங்குவது இல்லை. மோட்டார் எரிந்தது, அதற்கும் தலைப்பு இல்லை. கடைசியில் கட்டணக் கழிப்பிடமாக ஏலம் விட்டார்கள். எடுத்தவர் கட்டிய ஏலத் தொகையை எடுக்கவேண்டுமே, வாசலில் ஒரு மேஜை போட்டு, போர்டில் எழுதியிருந்ததற்கு மேல் வாங்க ஆரம்பித்தார். பக்கத்திலேயே இலவசம் என்று எழுதிய சிறுநீர்க் கழிப்பிடத்துக்குப் பூட்டு. ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். கூடையை இறக்கி வைத்து முந்தானையில் சில்லறை தேடிய பெண்கள்தான் காசு கொடுத்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு செலவு என்று தணிக்கையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வவுச்சர் இருந்தது, நான்தான் அடுக்கி வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது, தண்ணீரைத் தவிர.

அந்தப் பெண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தச் சண்டையில் அவர்களுக்கு மேடை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கிராமத்திலிருந்து கொய்யாவும் கீரையும் பூவும் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்ட் வாசலில் உட்காருகிற பெண்ணுக்கு அந்த டிக்கெட் காசு மிச்சமாகி அன்றைய லாபத்தில் சேர்ந்தது. பஸ் ஊருக்கு வெளியே நின்றுவிட்டால், அங்கிருந்து கூடையோடு ஷேர் ஆட்டோ பிடிக்கவேண்டும், ஆட்டோவில் ஆளுக்கும் காசு, கூடைக்கும் காசு. அரசு ஒரு கையால் கொடுத்ததை நகராட்சி இன்னொரு கையால் பிடுங்கியதாகிவிடும். அவர் அங்கேயே உட்கார்ந்து விற்கட்டுமே என்று சிலர் சொல்கிறீர்கள். அங்கே நிற்கிறவர் பெங்களூருக்கோ சேலத்துக்கோ போகிற அவசரத்தில் இருப்பவர், அவர் கால் கிலோ கீரையா வாங்கப் போகிறார்?

ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் ஜேசிபி வருவதற்கு முன்னால் ஒரு சட்டம் இருப்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2014ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டம். முதலில் கணக்கெடுப்பு முடியவேண்டும், அதுவரை யாரையும் எழுப்பக் கூடாது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கவேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். புதுப்பிக்கிற வரைபடம் அந்தக் குழுவின் முன்னால் வந்ததா என்று கேளுங்கள். கேட்டால் ஒரு நிமிடம் அறையே அமைதியாகிவிடும்.

பக்கத்து ஊர்களையும் பாருங்கள். சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காகக் கட்டி 2023 ஜூனில் திறந்தார்கள், நூறு கோடியை ஒட்டிய செலவு. ஆனால் சேலத்துக்கு வெளியூர் பஸ் எல்லாம் ஏற்கெனவே புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது, பழையது டவுன் பஸ்ஸுக்கு மட்டும். பணமும் ஸ்மார்ட் சிட்டிப் பணம். நமக்கு அந்த வசதி கிடையாது, ஆனால் வெளியூர் பஸ் வேறு இடம், உள்ளூர் பஸ் டவுனுக்குள் என்ற அந்தப் பிரிப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்கான கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டை 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்து ரயில் நிலையம் தயாராகவே இல்லை. திருவண்ணாமலை வழியாகச் சென்னைக்குப் போகிறவர்களுக்கு ராத்திரி அங்கே இறங்கி முழித்த கதை தெரியும். போய்ச் சேர வழி வைக்காமல் நிலையத்தைத் திறப்பது பெண் பார்க்காமல் மண்டபம் பிடித்த மாதிரி.

வரியைப் பற்றிக் கோபமாக ஒரு சீட்டு வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியது உங்களுக்குத் தெரியும். 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் 100 சதவீதம், கடைகளுக்கும் 100. மத்திய அரசின் 15ஆவது நிதிக் குழு மானியத்துக்கு அது ஒரு நிபந்தனையாக இருந்தது, அதனால் இங்கே கவுன்சிலரைத் திட்டி என்ன பயன். ஆனால் ஏற்றிய வரியில் எத்தனை ரூபாய் மையப் பகுதியின் வடிகாலுக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் போனது என்று கேட்க உரிமை இருக்கிறது. 33 வார்டிலும் ஏரியா சபை, அதாவது கிராம சபை மாதிரி மக்கள் கூடிப் பேசுகிற கூட்டம், கூட்டவேண்டும், 2022 நவம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அங்கே போய் ஹைமாஸ் விளக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். அந்த விளக்குக்கு மாதம் எவ்வளவு பில் என்று ஒருவராவது கேட்டீர்களா?

முன்வரிசையில் ஐயா ஒருவர், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், வெளியே போகலாமா கூடாதா என்கிறார். சொல்கிறேன் ஐயா. பெங்களூர், சேலம், சென்னை பஸ் போகட்டும். நம் மாவட்டத்துக்குள் ஓடுகிற பஸ் டவுனுக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் கடைசி பஸ் வரைக்கும் இணைப்பு பஸ், அதுவும் டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸாக, திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது. மையத்துக்கு வருகிற பணத்தில் முதலில் வடிகால், தண்ணீர், கழிப்பறை, நிழல், நடக்க இடம். பேவர் பிளாக்கும் அலங்கார வளைவும் மிச்சம் இருந்தால். வளைவு கட்டுகிறவர்கள் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கிற சிலையையும் சேர்த்துக் கேட்பார்கள், எனக்கும் அது பிடிக்கும்தான், ஆனால் சாக்கடை மூடி போட்ட பிறகு. கட்டுகிற டெண்டரிலேயே ஐந்து வருடப் பராமரிப்பும் சேர்ந்து இருக்கட்டும், அந்தத் தொகையைத் தனியாக எழுதட்டும், கவுன்சில் அதைப் பார்த்து ஓட்டுப் போடட்டும். தொகை அதிகமாகத் தெரிகிறது என்றால் கட்டடத்தைச் சின்னதாக்குங்கள். ஒரு மாடி குறைந்தால் யாரும் சாகப்போவதில்லை.

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதியிருக்கிறோம், வாசலில் மேஜை மேல் இருக்கிறது, நகராட்சிக் கூட்டத்துக்கு முன்னால் கமிஷனரிடம் கொடுக்கவேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து படியுங்கள். மூன்றாவது பத்தி உள்வாடகைக் கடைகளைப் பற்றியது, இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருக்கு அது பிடிக்காது, அதை எடுத்துவிட்டால் போடுகிறேன் என்று ஏற்கெனவே இரண்டு பேர் என் காதில் சொல்லிவிட்டார்கள். எடுக்கமாட்டோம்.