பதினைந்து நிமிடமும் ஒரு மிட்டாயும்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். எல்லோருக்கும் புரிகிற நடையில் எழுதின உளவியல் புத்தகங்களைப் பதினொன்றாம் வகுப்பில் வாசிக்க வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம். எந்தப் புத்தகம் என்பதுதான் கேள்வி.

இந்தப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. நாலு வயதுப் பிள்ளையின் முன்னால் தட்டில் ஒரு மார்ஷ்மல்லோ மிட்டாய். ‘நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன்’ என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விடுவார். பதினைந்து நிமிடம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் தொடங்கிய சோதனை இது. பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று கதை முடியும்.

இதை வகுப்பில் வாசித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: “எங்க வீட்டுல எடுத்து வச்சா இருக்காது மிஸ், தம்பி தின்னுடுவான். கையில கிடைச்சப்பவே தின்னாத்தான் உண்டு.”

அவள் சொன்னதைத்தான் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் சோதித்து 2013இல் வெளியிட்டார். 28 பிள்ளைகள். நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன் என்று முதலில் சொல்லி, பாதிப் பேருக்குக் கொண்டு வந்தார்கள். மீதிப் பேரிடம் ‘இல்லையே கண்ணு’ என்று கையை விரித்தார்கள். அதற்கப்புறம்தான் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடம். 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் மிட்டாய்க்கும் படிப்புக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது.

கிட்டின் ஆய்வைச் சொன்னதும் அதே பெண் கேட்டாள்: “அந்த 28 பேரு யாரு வீட்டுப் பிள்ளைங்க மிஸ்?”

அன்றிலிருந்து நான் புத்தகம் எடுக்கும் விதமே இதுதான். அவள் கேட்டதற்கு அதில் பதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். யாரிடம், எத்தனை பேரிடம், என்ன செய்து பார்த்தார்கள்? ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று மட்டும் சொல்லிவிட்டு அறிவுரைக்குத் தாவும் புத்தகங்களை அலமாரியிலேயே விட்டுவிடுகிறேன். நோய்களின் அறிகுறிகளை அடுக்கும் புத்தகங்களையும் வகுப்புக்குக் கொண்டு போக மாட்டேன். பிள்ளைகள் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு அங்கேயே நோயின் பெயரைச் சூட்டிவிடுவார்கள். அந்தப் பெயர் வருஷம் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

தவறு உள்ள புத்தகமே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. உளவியலாளர் டேனியல் கானமன் 2011இல் எழுதிய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’வை நான் விரும்பிக் கொடுப்பேன். முதுமையைக் குறிக்கும் சொற்களை வைத்து வாக்கியம் அமைத்த மாணவர்கள், அப்புறம் மெதுவாக நடந்தார்கள் என்று நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. மிகக் குறைந்த ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று நோபல் பரிசு வாங்கிய அந்த மனிதரே 2017இல் வெளிப்படையாக எழுதினார்.

இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். முதல் நாள் அத்தியாயம், மறுநாள் அவர் ஒப்புக்கொண்டது. நடுவில் ஒரு ராத்திரி பிள்ளைகள் அதை நம்பி, வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.