கார்ட் எப்ப இறுகினது?

வணக்கம். நல்ல வெக்கை நாளொன்றில் உரும்பிராயிலிருந்து ஓர் அண்ணை கொம்பியூட்டரோடு வந்தார். அம்மாவின் கல்வெட்டுக்கு, அதுதான் நினைவு மலருக்கு, வேண்டிய படங்கள் எல்லாம் ஒரு செவன்-ஸிப் கோப்புக்குள். பூட்டினதும் அவர்தான், பாஸ்வேர்ட்டை மறந்ததும் அவர்தான். அந்தியேட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. “ஹாஷ்கேட் போட்டுப் பார்த்தனான் தம்பி, கார்ட் இறுகிப்போகுது, சொஃப்ட்வெயர் சரியில்லைப் போல” என்றார். ஹாஷ்கேட் என்பது பாஸ்வேர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்கிற சொஃப்ட்வெயர், அந்த வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும்.

சொஃப்ட்வெயரைத் திட்ட முன்னம் நான் கேட்கிறது ஒன்றுதான்: தொடங்கி எவ்வளவு நேரத்தில் நின்றது?

அவருடையது சில விநாடியிலேயே திரை கறுத்து, கார்டை இயக்குகிற சொஃப்ட்வெயரான டிரைவர் விழுந்து எழும்பியது. கிராபிக்ஸ் கார்ட் 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் அது தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி விண்டோஸ் டிரைவரைத் திருப்பித் தொடக்கும். கார்டோ தலைக்கு மேல் வேலையில் இருக்கிறது, செவன்-ஸிப்பில் ஒரேயொரு பாஸ்வேர்ட்டைச் சோதிக்கவே ஷா-256 என்ற மறைகுறிக் கணக்கை 524,288 தடவை போட வேண்டும். கெதியாக முடியட்டும் என்று அண்ணை ஹாஷ்கேட்டின் வேலைப்பளு அளவை ஆகக் கூடிய 4இல் வைத்திருந்தார். செய்தவர்களே அதற்கு வைத்த பெயர் நைட்மேர், கெட்ட கனவு! திரையும் அதே கார்டில்தான் ஓடியது. 2க்கு இறக்கினேன். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 விநாடியைக் கூட்டவும் வழி இருக்கிறது, ஆனால் கார்ட் உண்மையாகவே தொங்கினால் நாங்களும் அவ்வளவு நேரம் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

சரி, ஓடியது. இருபது நிமிடத்தில் திரும்ப இறுகியது.

இப்படிப் பிந்தி நின்றால் பெரும்பாலும் சூடு. 90 பாகை வந்தால் ஹாஷ்கேட் தானாகவே நிறுத்தும், ஆனால் யாரோ சொன்னதைக் கேட்டு அண்ணை அந்த வெப்பக் கண்காணிப்பையே நிறுத்தியிருந்தார். மூடியைக் கழற்றினால் இரண்டு விசிறியில் ஒன்று சுழலவே இல்லை, அலுமினியத் தகடுகளுக்கு இடையில் எங்கள் செம்மண் புழுதி கம்பளி மாதிரி அடைந்து கிடந்தது. விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தேன். கடைசியில் மூடியைத் திறந்தபடியே விட்டு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன், கண்காணிப்பையும் திரும்பப் போட்டேன். இறுகாமல் முழு மெஷினுமே பட்டென்று நின்றிருந்தால் முதலில் பவர் சப்ளையைத்தான் பார்த்திருப்பேன்.

இன்னொன்று, ஹாஷ்கேட்டைத் தொடங்கும்போதே அந்த ஓட்டத்துக்கு, அதாவது செஷனுக்கு, ஒரு பெயர் வையுங்கள். எங்கள் ஊர்க் கரண்ட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெயர் இருந்தால் விட்ட இடத்துக்குக் கிட்டவிருந்தே தொடரலாம்.

கண்டபடி எல்லா எழுத்தையும் தேடவிட்டால் அந்தக் கார்டுக்கு எங்கள் ஆயுள் காணாது. ஊர்ப் பெயரும் ஓர் ஆண்டும் என்று மட்டும் அண்ணைக்கு ஞாபகம். உரும்பிராயை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிக் கொடுத்து, பின்னால் நாலு இலக்கம் விட்டேன். மூன்றும் சரிவரவில்லை. ஒரு எழுத்தை விட்டுவிட்டு எழுதிய நாலாவதில் திறந்தது.

“என்ரை ஊரையே பிழையா எழுதியிருக்கிறன்” என்றார் அண்ணை.