பாட்டு வெளிவருமுன் எழுதிவைக்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டு, திரைத்துறையின் ஆதரவு ஏதுமின்றித் தாங்களே பாட்டு எழுதி, மெட்டமைத்து, பாடி வெளியிடும் இளைஞர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கண்கூடாகப் பெருகியிருக்கிறார்கள். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு வந்தபோது தமிழில் ராப் என்பதே பலருக்குப் புதுமையாக இருந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகச் சேர்த்து, திரைப்படத்துக்கு வெளியிலும் தமிழ்ப் பாட்டுக்குப் பெருங்கூட்டம் உண்டு என்று காட்டியது. இன்று ஒரு மடிக்கணினியும் நல்ல ஒலிவாங்கியும் இருந்தால் கேட்கத்தக்க ஒலித்தரத்தை எட்டிவிட முடிகிறது. இப்படிப்பட்ட பாடல்களுக்கு மிக்ஸிங், அதாவது பதிவான குரலையும் இசையையும் சேர்த்துச் சமன்படுத்தும் வேலை, செய்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், பாட்டு என் கையைவிட்டுப் போன பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்துவருகிறேன்.

பெரும்பாலும் நேர்வது இதுதான். வியாழன் இரவு மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பு முடிகிறது. வெள்ளிக்கிழமை காலை பாட்டு இணையத்தில் இருக்கிறது. நண்பர்கள் பகிர்கிறார்கள், ஒரு வாரம் பேசப்படுகிறது, பிறகு ஓய்ந்துவிடுகிறது. ஓயாமல் வளர்ந்துவிட்டால் வேறு சிக்கல் தொடங்குகிறது: மெட்டு யாருடையது, வரி யாருடையது, பணம் யார் கணக்குக்கு வருகிறது என்ற கேள்விகள் எழுகின்றன. வெளியீட்டைத் தொழில்முறையாகச் செய்வது என்றவுடன் விலையுயர்ந்த காணொளியையும் விளம்பரச் செலவையும் நினைப்பவர்கள் அதிகம். அவற்றுக்கெல்லாம் முன்னால், பாட்டில் யாருக்கு என்ன உரிமை என்பதை அது வெளிவருவதற்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்பதைத்தான் இன்று நான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினுடையது. அதன்படி ஒரு பாட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமைகள் இருக்கின்றன. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. அதன் உரிமை எழுதியவருக்கு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. அதன் உரிமை அமைத்தவருக்கு. இவ்விரண்டையும் கொண்டு பதிவுசெய்யப்பட்ட ஒலிப்பதிவு தனியொரு படைப்பு. அதைப் பதிவுசெய்விக்கும் முயற்சியையும் பொறுப்பையும் யார் ஏற்றுக்கொண்டாரோ அவரே தயாரிப்பாளர், அந்த உரிமை அவருக்கு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துவோர் உரிமை என்று வேறொன்று உண்டு. நண்பர் தம் வீட்டு ஸ்டூடியோவில் காசு வாங்காமல் உங்கள் பாட்டைப் பதிவுசெய்து தருகிறார் என்றால், அவர் உதவியவரா, தயாரிப்பாளரா? அன்றைக்கு யாரும் இதைக் கேட்பதில்லை. பாட்டு ஒரு விளம்பரத்துக்காகவோ வலைத்தொடருக்காகவோ கேட்கப்படும்போதுதான் இருவரும் இருவேறு விதமாக நினைத்துக்கொண்டிருந்தது தெரியவருகிறது.

2021 மார்ச்சில் பாடகி தீ, ராப் பாடகர் அறிவு இருவரின் குரலில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகெங்கும் ஒலித்த பாட்டு. அடுத்த ஆண்டு, சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அது பாடப்பட்ட பிறகு, அந்தப் பாட்டில் யார் எந்தப் பங்கைச் செய்தார் என்பது பற்றி அறிவும், தீயும், இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தனித்தனியே பொதுவெளியில் விளக்கம் எழுத வேண்டிவந்தது. 2024 மார்ச்சில், பாட்டின் வழியாகத் தங்களுக்கு எந்த வருமானமும் வந்துசேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. இத்தனை பெயரும் அனுபவமும் உள்ளவர்களுக்கே இந்த நிலை வருமென்றால், முதல் பாட்டை வெளியிடும் இருபது வயதுக் கலைஞரின் நிலை என்னவாகும் என்பதுதான் என் கவலை.

ஆகவே, பதிவு நடக்கும் அன்றே ஒரு தாளை எடுங்கள். இத்துறையினர் அதை ஸ்பிளிட் ஷீட் என்பார்கள். பாட்டின் தலைப்பு, தேதி, வரி எழுதியவர், மெட்டமைத்தவர், பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை) செய்தவர், பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் முழுப்பெயரும் மேடைப்பெயரும், படைப்பில் யாருக்கு எத்தனை விழுக்காடு, ஒலிப்பதிவில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பவற்றை எழுதி எல்லாரும் கையெழுத்திட வேண்டும். ஒருவருக்கு அன்றைய ஊதியம் மட்டும்தான், பங்கு கிடையாது என்றால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பறை வாசிக்கவும் கானா பாடவும் வருகிற மூத்த கலைஞர்களிடம் இந்தத் தாளைப் படித்துக் காட்டி, புரியும்படி சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அவர்களுடைய மெட்டோ சொற்கட்டோ உங்கள் பாட்டில் நிலைத்திருக்குமானால் அவர்களுக்குப் பங்கு கொடுப்பதே முறை. சமூகநீதி பேசும் பாட்டில் அதைப் பாடவந்தவரின் பெயரே விடுபட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒரு நிறுவனம் உங்கள் பாட்டைக் கேட்டு ஒப்பந்தம் நீட்டினால், சட்டத்தின் இரண்டு பகுதிகளை நினைவில் கொள்ளுங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும் ஆவணத்தில் எத்தனை ஆண்டுகள் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. அதனால்தான் நிறுவனங்கள் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று தவறாமல் எழுதுகின்றன. அந்தச் சொற்களைப் பற்றிப் பேரம் பேச உங்களுக்கு இடமுண்டு. அடுத்து, 2012ஆம் ஆண்டுத் திருத்தம். திரைப்படத்தைச் சேராத ஒலிப்பதிவிலும், வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் படைப்பு பயன்படுத்தப்படுவதற்கான ராயல்டியில் உரிமை பெற்றவரோடு சமபங்கு பெறுவதை, தம் வாரிசுகளுக்கோ ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. ஒரே தொகையைக் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டோம் என்று யார் சொன்னாலும் இந்த உரிமை உங்களிடமே இருக்கிறது.

இணையத்தில் வாங்கும் பீட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் ராப் கலைஞர்கள் மிக அதிகமாகச் சிக்கிக்கொள்வது இங்குதான். சிறு தொகைக்குக் கிடைக்கும் பீட் பெரும்பாலும் குத்தகைதான். செய்தவர் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு அதே பீட்டைப் பலருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார். இத்தனை முறை கேட்கப்படும் வரைதான் செல்லும், அதற்குமேல் புதுப்பிக்க வேண்டும் என்று வரம்பும் இருக்கும். ஒரே ஒலி வேறு காணொளிகளில் வந்தால் தானே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி முறையில் அப்படிப்பட்ட பாட்டை நீங்கள் பதிந்துவிட்டால், அதே பீட்டை முறையாக வாங்கிய இன்னொருவரின் பாட்டின்மீது உங்கள் பெயரில் உரிமைகோரல் போய் விழும். அவர் பதிந்தால் உங்கள்மீது விழும். தனியுரிமையாக விலைகொடுத்து வாங்கினாலும், அதற்கு முன் கொடுக்கப்பட்ட குத்தகைகள் தொடரலாம். ரசீதையும் உரிமப் படிவத்தையும் பாட்டின் கோப்புறையிலேயே பத்திரப்படுத்துங்கள். இலவசம் என்று எழுதியிருக்கும் பீட் வணிக வெளியீட்டுக்கும் இலவசம்தானா என்று படித்துப் பாருங்கள். முடிந்தால் உங்கள் ஊரிலேயே பீட் செய்யும் ஒருவரைத் தேடிப் பிடித்து, பங்கு கொடுத்துச் சேர்ந்து செய்யுங்கள். ஒலியும் உங்களுடையதாக இருக்கும்.

அடுத்தது விநியோகம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்குத் தனியொருவர் நேரே பாட்டை அனுப்ப முடியாது. டிஸ்ட்ரிபியூட்டர் எனப்படும் விநியோக நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஆண்டுச் சந்தா வாங்குபவர்களும் உண்டு, வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. சந்தாவை நிறுத்தினால் பாட்டு நீங்கிவிடுமா என்பதை முதலிலேயே கேளுங்கள். அதைவிட முக்கியமானது, கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் வங்கிக் கணக்கோடு இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவின் பாடல்கள் எல்லாம் ஒரு நண்பரின் கணக்கில் இருந்தன. அவர் வெளிநாடு சென்று தொடர்பற்றுப் போனதும், தங்கள் பாட்டின் வருமானக் கணக்கைக்கூட அவர்களால் பார்க்க முடியவில்லை.

ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளக் குறியீடு தரப்படுகிறது. உங்கள் ஒலிப்பதிவை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அதுதான். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது, அதே கோப்பை அதே குறியீட்டோடு புதிய இடத்தில் ஏற்றி, அது வந்துசேர்ந்த பிறகே பழையதை நீக்கினால், அதுவரை கேட்கப்பட்ட எண்ணிக்கை பொதுவாக அழியாமல் தொடரும். ஆகவே குறியீட்டையும் அந்த ஸ்பிளிட் ஷீட்டிலேயே குறித்து வையுங்கள். உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதை ஒருமுறை முடிவுசெய்து, பிறகு ஓரெழுத்தும் மாற்றாதீர்கள். ‘ழ’கரம் வரும் பெயருக்கு இரண்டு மூன்று விதமாக எழுத்துக் கூட்டி, ஒரே கலைஞர் மூன்று பக்கங்களில் சிதறிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்பி3 கோப்பை அனுப்பாதீர்கள், வேவ் கோப்பாகவே அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டுகளையும் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் என்ற ஒலியளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கிறது என்பதால், அளவுமீறி ஒலியை ஏற்றி நசுக்குவதால் பயனில்லை, நுணுக்கங்கள்தான் அழியும். குரலில்லாத வடிவத்தையும், தனித்தனி இசைத்தடங்களையும் இரண்டு வன்தட்டுகளில் சேமித்து வையுங்கள், ஏனென்றால் படத்துக்கோ விளம்பரத்துக்கோ கேட்பவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

பாட்டு தயாரானதும் வெளியிட வேண்டும் என்ற துடிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான்கு வாரங்கள் பொறுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கும் வசதி வெளிவராத பாட்டுக்கு மட்டுமே உண்டு. ஏழு நாட்களுக்கு முன்பே அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுவெளியீட்டுப் பட்டியலிலும் பாட்டு இடம்பெறும். வெளியிட்டுவிட்டுக் கேட்டால் அந்தக் கதவு மூடியிருக்கும். அந்த நான்கு வாரத்தில் செய்ய வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஒரே பக்கத்தில், நீங்கள் யார், பாட்டு எதைப் பற்றியது, யாரெல்லாம் பங்குபெற்றார்கள், எப்போது வெளிவருகிறது என்பவற்றை நல்ல தமிழில் எழுதி, பாட்டின் வரிகளையும் ஒரு தெளிவான நிழற்படத்தையும் கேட்பதற்கான இணைப்பையும் சேர்த்து, இசையைப் பற்றி எழுதுபவர்களுக்கும் வானொலி நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கும் பெயர் குறிப்பிட்டுத் தனித்தனியே அனுப்புங்கள். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டின் பல கல்லூரிகளிலும் ஊர்களிலும் இத்தகைய நிலையங்கள் வந்திருக்கின்றன. உள்ளூர்க் கலைஞர்களை அழைத்துப் பேசவைக்கும் இடங்கள் இவை. நம் இளைஞர்கள் இவற்றை ஏனோ நினைத்துப் பார்ப்பதேயில்லை.

காசு கொடுத்தால் லட்சம் பேர் கேட்டதாகக் காட்டுகிறோம் என்று வருபவர்களிடம் போகாதீர்கள். ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் ஒலிப்பதிவு ராயல்டி என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி வைத்திருப்பதால் இந்த ஆசை அதிகமாகியிருக்கலாம். போலியாகக் கேட்கவைத்தது தெரிந்தால் அந்த எண்ணிக்கை நீக்கப்படும், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் விதிக்கப்படும், அவர் உங்கள் பாட்டையே எடுத்துவிடக்கூடும். நேரில் வந்து கேட்ட நூறு பேரின் தொடர்பை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பாட்டையும் அடுத்த நிகழ்ச்சியையும் அவர்களுக்குத் தெரிவிப்பது இதைவிட எவ்வளவோ மேல். 2020 முதல் நடந்துவரும் மார்கழியில் மக்களிசை, ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவாகத் தொடங்கிய சென்னை கலைத் தெரு விழா, பொங்கலையொட்டிய சென்னை சங்கமம் என்று சபாக்களுக்கு வெளியே மேடைகள் உருவாகியிருக்கின்றன. அவற்றை அணுகும்போது, எத்தனை பேர், எத்தனை ஒலிவாங்கிகள், எவ்வளவு நேரம், எவ்வளவு ஊதியம் என்பதை எழுதியே அனுப்புங்கள்.

கடைசியாக, பணம் வந்துசேரும் வழி. டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான வருமானம். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். எனப்படும் சங்கம், 1969இல் தொடங்கப்பட்டு, திருத்தப்பட்ட சட்டத்தின்கீழ் 2017இல் மீண்டும் பதிவுபெற்றது. பாடகர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் தனியாக உரிமைச் சங்கம் இருக்கிறது. இவற்றில் நீங்கள் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விழுக்காட்டோடு பதிந்தால்தான் உங்கள் பங்கு உங்களைத் தேடி வர வழியுண்டு; பதிவுநாளன்று எழுதிய அந்தத் தாள் இங்கே அப்படியே பயன்படும். மேடையில் உங்கள் சொந்தப் பாட்டைப் பாடினாலும், பாடிய பாடல்களின் பட்டியலை ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்துக்கு அனுப்புங்கள். யூடியூபில் வருமானம் வரத் தொடங்கியதும் வரிவிதிப்புப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். இல்லையென்றால் தேவைக்கு மேல் பிடித்தம் செய்வார்கள். உங்களோடு பாடிய கானாக் கலைஞரோ பறைக் கலைஞரோ இந்தப் படிவங்களை நிரப்பத் தயங்கினால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெயரில், அவருடைய வங்கிக் கணக்கைக் குறிப்பிட்டு நிரப்பிக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.