வளவைச் சுற்றி நடங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவள் நான். முழங்கால், தோள்பட்டை, பக்கவாதம் என்றுதான் கூப்பிட்டனுப்புவார்கள். போன இடத்தில் இன்னொருவர் சுவரைத் தடவித் தடவி நடந்து வருவார். பெரும்பாலும் வயதான ஆச்சியாக இருக்கும். கேட்டால், "அவுகளுக்குக் கிறுகிறுப்பு, பித்தம் ஏறிப்போச்சு" என்பார்கள். இஞ்சிச் சாறு கொடுத்தாயிற்று, பிரஷர் பார்த்தாயிற்று, சர்க்கரையும் பார்த்தாயிற்று. காதைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள்.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்புவது அவைதான். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். அந்தத் துகள்களில் சில பெயர்ந்து குழலுக்குள் போய்விட்டால், படுக்கையில் புரண்டு படுத்தாலே வீடு சுற்றும். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலும் சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் ஒருக்களித்தே படுக்கிறவர்கள் உண்டு.

இதை மாத்திரையால் கரைக்க முடியாது. தலையைத் திருப்பித்தான் துகளை வெளியே கொண்டுவர வேண்டும். ஜான் எப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கென்று வகுத்த முறையை 1992-இல் வெளியிட்டார். முதலில் எந்தக் காது என்று கண்டுபிடிக்க வேண்டும். கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்ப்போம். இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழி சுழன்று சுழன்று துடிக்கும். ஆச்சியின் பிடி என் மணிக்கட்டில் இறுகும். பக்கத்தில் நிற்கிற மகன், "போதும்மா, விட்டுடுங்க" என்று பதறுவார். ஆனால் அந்தத் துடிப்புதான் எங்களுக்குச் சாட்சி. அங்கிருந்து தலையைப் படிப்படியாக மறுபக்கம் திருப்பி எழுப்பி உட்காரவைப்போம். பலருக்கு ஓரிரு தடவையிலேயே சுற்றல் நின்றுவிடுகிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தாங்களாகச் செய்வதும் வேண்டாம்.

எல்லாத் தலைசுற்றலும் இப்படிச் சுலபமாக முடிவதில்லை. மெனியர் நோய் என்று ஒன்று. 1861-இல் பாரிஸில் புரோஸ்பர் மெனியர் என்ற மருத்துவர், இந்தக் கோளாறு மூளையில் இல்லை, காதில் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். காது அடைத்த மாதிரி இருக்கும், இரையும், கேட்பது மங்கும், சுற்றல் மணிக்கணக்கில் நீடிக்கும். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், உப்புக்கண்டம் என்று வாழ்கிற ஊரில் இதைச் சொல்லிவிட்டு நல்ல பெயர் வாங்க முடியாது.

இன்னொன்று, கிருமித் தொற்றை ஒட்டி ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு வீங்கிப்போவது. முதல் இரண்டு மூன்று நாள் வாந்தியும் சுற்றலுமாக எழவே முடியாது. அப்போது மாத்திரை அவசியம். ஆனால் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தால், இழந்த தகவலை ஈடுகட்ட மூளை பழகுவது தாமதமாகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள்.

பழகுவது என்றேனே, அங்கேதான் எனக்கும் வீட்டாருக்கும் வழக்கு. 1940-களிலேயே கோதார்ன், குக்ஸி என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள், அசைய அசையத்தான் இது குணமாகும் என்று பயிற்சிகளை வகுத்துவிட்டார்கள். நம் வீடுகளிலோ, "ஆத்தா, நீங்க அசையாமப் படுத்திருங்க" என்பதுதான் பாசம். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து தெருவரை நீளும் வீட்டில் ஆச்சி ஓர் அறையில் முடங்கிவிடுகிறார். கால் வலுவும் போய்விடுகிறது.

அந்த வீட்டைவிட நல்ல பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியாது. வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில் ஒருவர் துணைக்கு வர, தூணுக்குத் தூண் நடக்கச் சொல்வேன். ஒரு தூண்வரை இடப்பக்கம் பார்த்தபடி, அடுத்த தூண்வரை வலப்பக்கம் பார்த்தபடி. தடுமாறினால் பிடிக்கத் தூண் இருக்கிறது. ஆத்தங்குடி ஓடு பதித்த தரைதான் சிக்கல். காது கைவிட்டதும் மூளை கண்ணையே நம்பும்; பூவும் கட்டமுமாக நிறைந்த தரையைக் குனிந்து பார்த்தால் அது ஓடுவதுபோல் தோன்றும். அதனால் முதலில் பின்கட்டின் சிமெண்டுத் தரை, பழகிய பிறகு ஆத்தங்குடித் தரை. பார்வை எதிரே ஒரு தூணில் நிற்கட்டும். இரவில் பின்கட்டுக்குப் போகிற வழியெல்லாம் சின்ன விளக்கு எரியட்டும்; இருட்டில் கண்ணும் உதவாது. நிலைப்படியில் இடறி இடுப்பெலும்பு முறிந்தால், தலைசுற்றல் பெரிய விஷயமாகவே தெரியாது.

காலில் கட்டுப் போட்டிருந்தால் பேருந்தில் எழுந்து இடம் விடுவார்கள். இதற்கு வெளியே தெரிகிற அடையாளம் எதுவுமில்லை. கல்லுக்கட்டிக் கடைவீதிக் கூட்டத்தில் ஒரு ஆண் தள்ளாடினால் குடித்திருக்கிறான் என்றே முடிவு கட்டுவார்கள். அதற்குப் பயந்து கடைவீதிப் பக்கமே போகாத ஒருவரை எனக்குத் தெரியும்.

சுற்றலோடு பேச்சு குழறினால், பார்வை இரட்டையானால், வாய் கோணினால், ஒரு பக்கக் கைகால் தளர்ந்தால், நிற்கவே முடியாவிட்டால், அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது இஞ்சிச் சாறும் வேண்டாம், என்னையும் கூப்பிட வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி மருத்துவரிடம் போகும்போது, "தலை சுத்துது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். விநாடிக் கணக்கா, மணிக் கணக்கா, நாள் கணக்கா? புரளும்போதா, சும்மா இருக்கும்போதேயா? காது இரைகிறதா, எந்தக் காது? ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சுற்றுகிற நேரத்தில் பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால், நீங்கள் கண்ணைத் திறந்தபடி இருங்கள், அந்தக் கண்ணைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பெயர்ந்த துகள் ஸ்கேனில் தெரியாது, அதன் அடையாளம் கண்ணின் துடிப்பில் தெரியும். வணக்கம்.