எரிந்த காட்டில் முளைப்பது எது?

வணக்கம் மக்களே. போன வீடியோவைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டிருந்தீர்கள்: "காடு எரிந்தால் என்ன, மறுபடி முளைக்கத்தானே போகிறது?" முளைக்கும்தான். ஆனால் எது முளைக்கும்?

இந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். அமெரிக்காவின் வடகோடியில் உள்ள அலாஸ்காவில் வளரும் கருப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். உச்சியில் பறவைக் கூடு மாதிரி ஒரு கொத்து தெரிகிறதா? அத்தனையும் கூம்புக்காய்கள். செதில்களைப் பிசின் ஒட்டி மூடி வைத்திருக்கும். தீயின் சூட்டில் பிசின் இளகும், செதில் விரியும், விதை கொட்டும். தாய்மரம் கருகினாலும் பிள்ளைகளை விதைத்துவிட்டுத்தான் சாகிறது. பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே தீயும் காடும் இப்படித்தான் ஒத்துப்போயின.

சரி, இப்போது என்ன கெட்டுப்போனது? தரையைப் பாருங்கள். பாசியும் மக்காத இலைதழையும் சேர்ந்து மெத்தை மாதிரி கிடக்கிறது. முன்பெல்லாம் அடியில் ஈரம் இருக்கும், தீ மேலாக்கப் பொசுக்கிவிட்டுப் போய்விடும். மிச்சமிருக்கும் பாசியில் ஆஸ்பென், பிர்ச் என்ற அகன்ற இலை மரங்களின் பொடி விதைகள் பிழைப்பது கஷ்டம், ஸ்ப்ரூஸ் சமாளித்துவிடும். கோடை சூடாகி மெத்தை காய்ந்துவிட்டால், தீ அடிமண் வரை தின்றுவிடுகிறது. 2004இல் அலாஸ்காவில் சுமார் 27 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. மெத்தை ஆழமாக எரிந்துபோன இடங்களில் ஸ்ப்ரூஸுக்குப் பதிலாக ஆஸ்பெனும் பிர்ச்சும் எழுந்துவிட்டன.

இன்னொன்று, தீ சீக்கிரமே திரும்பி வருவது. கூம்புகளில் விதை சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் இரண்டாவது தீ வந்தால், உண்டியல் நிறையும் முன்பே உடைத்த கதைதான். கொட்ட விதையே இருக்காது.

அந்தப் பாசிதான், அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைநிலத்துக்குப் போர்வையும். போர்வை போனால் பனிக்கட்டி உருகி மண் அமுங்கும், மரங்கள் கண்டபடி சாயும். அதற்கு 'குடிகாரக் காடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்!

தீ மட்டும் இல்லை, வண்டும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பைன் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பைன் வண்டின் புழுக்களை மைனஸ் 40 டிகிரிக் குளிர் கொன்றுவிடும். அந்தக் குளிர் அரிதாகிப்போனதும் வண்டுகள் பெருகின. அது தனி வீடியோவுக்கான விஷயம்.

ஸ்ப்ரூஸ் இருந்த இடத்தில் ஆஸ்பென் வருவதை மொத்தமாக அழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பென் இலையில் ஈரம் அதிகம், ஸ்ப்ரூஸ் அளவுக்குச் சட்டென்று பற்றாது. மூஸ் மானுக்கு இளந்தளிர் கிடைக்கும். கரிபூ மானின் பாடுதான் திண்டாட்டம். குளிர்காலத்தில் அது தின்ன நம்பியிருக்கும், பாசி மாதிரிப் படரும் லைக்கன், முதிர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டில்தான் செழிப்பாக வளர்கிறது.