அக்ரிலிக் ரீஃப் தொட்டி: விலை லிட்டரில் இல்லை, ஷீட்டில் இருக்கிறது

[திரையில்: காலித் தொட்டி, பக்கத்தில் அளவு டேப்]

ரீஃப் தொட்டி என்றால் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. அதைச் செய்து தருபவருக்கு போன் போட்டு "500 லிட்டர் அக்ரிலிக் தொட்டி எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் அவர் இழுக்கத்தான் செய்வார். அவர் லிட்டரை வாங்கி வந்து ஒட்டுவதில்லை, அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக்கின் ஷீட்டை வாங்கி அறுத்து ஒட்டுகிறார். அதே 500 லிட்டரை நீளமாகத் தாழ்வாகவும் செய்யலாம், குறுகலாக உயரமாகவும் செய்யலாம், இரண்டின் விலையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட வராது.

முதலில் உயரம். தொட்டியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் முன்சுவரைத் தண்ணீர் தள்ளும் மொத்த விசையும் இரண்டு மடங்குதான் ஆகும், ஆனால் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அது நான்கு மடங்காகிவிடும். 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. உயரமுள்ள சுவரைக் கடல்நீர் கிட்டத்தட்ட 277 கிலோ எடையளவு தள்ளிக்கொண்டே இருக்கிறது, இரவும் பகலும், வருஷக்கணக்கில். அக்ரிலிக் எடையில் கண்ணாடியில் பாதிகூட இல்லை, ஆனால் சுலபமாக வளையும். அதனால் தடிமனைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு கூடும் என்பது நல்ல செய்தி, தடித்த ஷீட்டின் விலைதான் கெட்ட செய்தி. 60 செ.மீ. உயரத்துக்கு 19 மி.மீ. என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அதற்கு மேல் உயரம் கேட்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: அடியில் விழுந்த பவளத்தை எடுக்க உங்கள் கை எட்டுமா?

[திரையில்: ஷீட் வரைபடம், அதன்மேல் வெட்டுக் கோடுகள்]

இப்போது ஷீட். பரவலாகக் கிடைக்கும் அளவு 122 க்கு 244 செ.மீ. நம் தொட்டி 150 நீளம், 60 அகலம், 60 உயரம் என்று வைத்துக்கொள்வோம். 122-ஐ இரண்டு 60 செ.மீ. பட்டைகளாக அறுக்கலாம், ரம்பம் தின்பதற்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு நீளச் சுவரும் ஒரு குறுக்குச் சுவரும் வந்துவிடும். ஆக நாலு சுவரும் ஒரே ஷீட்டில், அடிப்பலகையும், மேல் விளிம்பைச் சுற்றி ஒட்டும் மேல்சட்டமும் இன்னொன்றில், மொத்தம் இரண்டு ஷீட். சரி, "இன்னும் ஒரு 5 செ.மீ. உயரம் இருந்தால் நல்லா இருக்குமே" என்று 65 கேட்டுப் பாருங்கள். 65 போக மீதி 57, அதில் இன்னொரு சுவரும் வராது, 60 அகல அடிப்பலகையும் வராது. மூன்றாவது ஷீட் வாங்க வேண்டியதுதான்! அதே 65-க்கு அகலத்தை 55 ஆகக் குறைத்தால் அடிப்பலகையும் மேல்சட்டமும் அந்த மீதிப் பட்டைகளில் அடங்கிவிடும், மறுபடியும் இரண்டே ஷீட். கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் ஒரு கட்டம் போட்ட தாளில் இதை வரைந்து பாருங்கள், பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட இதில் அதிகம் மிச்சமாகும்.

ஷீட்டிலும் இரண்டு வகை உண்டு, காஸ்ட் (அச்சில் ஊற்றிச் செய்வது), எக்ஸ்ட்ரூடட் (உருக்கி அழுத்தித் தள்ளிச் செய்வது). எக்ஸ்ட்ரூடட் மலிவு, ஆனால் ஒட்டும் கரைப்பான் பட்டால் நுண்கீறல் விடும் சுபாவம் அதற்கு அதிகம். தொட்டிக்கு காஸ்ட்தான், இதில் சமரசமே வேண்டாம். விளிம்பைத் தீயில் காட்டிப் பளபளப்பாக்கிவிட்டு ஒட்டுகிறார்களா என்றும் கேளுங்கள், ஆமாம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், ஏனென்றால் தீ பட்ட இடத்தில் அழுத்தம் தங்கி, பின்னால் சிலந்தி வலை போலக் கீறல் விடும். ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் இதே வேலையைத்தான் செய்யும்.

ரீஃப் தொட்டி என்றால் கூடுதல் செலவு ஓட்டைகளிலும், மேல்மட்டத் தண்ணீர் வழிந்து குழாய் வழியே இறங்கும் ஓவர்ஃப்ளோவிலும் வரும். நான் மூன்று குழாய் கேட்பேன்: முழுசாகத் தண்ணீர் இழுப்பது ஒன்று, மேலே திறந்தது ஒன்று, அடைப்பு வந்தால் காப்பாற்ற ஒன்று. அப்புறம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற கணக்கு. நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு இறங்கும்வரை தண்ணீர் கீழே உள்ள சம்ப்புக்கு (பம்ப் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் துணைத் தொட்டி) வந்துகொண்டே இருக்கும். நம் தொட்டியில் 2 செ.மீ. இறங்கினாலே கிட்டத்தட்ட 18 லிட்டர், குழாயில் நிற்கும் தண்ணீர் தனி. அதற்கு சம்ப்பில் காலி இடம் இல்லை என்றால் தண்ணீர் தரைக்குத்தான் போகும்.

[திரையில்: சுவரில் வளைந்த கீறல், மிக அருகில்]

இது என் தொட்டி. காந்தத் துடைப்பானுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரே ஒரு மணல் துகள், அது தெரியாமல் நான் ஒரு இழுப்பு இழுத்தேன், இந்த வில் மாதிரி கோடு வந்துவிட்டது. அக்ரிலிக்கை உப்புத்தாள் போட்டு மெருகேற்றலாம், தண்ணீர் இருக்கும்போதே செய்யும் கிட்களும் உண்டு. ஆனால் கை வலிக்கும், பொறுமையும் போய்விடும். சுவரில் ஒட்டும் ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசியைச் சுரண்டும்போதும் இதே ஆபத்துதான். தினமும் பளிச்சென்று துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பவர் கண்ணாடித் தொட்டிக்கே போகலாம், தப்பில்லை.

ஸ்டாண்டையும் கொட்டேஷனோடு சேர்த்தே யோசியுங்கள். நம் தொட்டி கொள்ளும் 540 லிட்டர் கடல்நீர் மட்டுமே 550 கிலோவுக்கு மேல், கல், மணல், சம்ப் எல்லாம் தனி. அக்ரிலிக்கின் அடிப்பலகை முழுவதும் சமமான தளத்தில் உட்கார வேண்டும், நாலு ஓரத்தை மட்டும் தாங்கும் சட்டம் போதாது. உப்பையும் மறக்க வேண்டாம்: லிட்டருக்கு 35 கிராம் என்றால் முதல் நிரப்புக்கே சுமார் 19 கிலோ. விளக்கு, பம்ப், ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி) சேர்ந்தால் தொட்டியின் விலையைத் தாண்டிப் போவது சகஜம், ஆகவே பட்ஜெட் முழுவதையும் பெட்டியிலேயே கொட்டிவிடாதீர்கள்.

கொட்டேஷனில் இவை எழுத்தில் இருக்கட்டும்: வெளி அளவா உள் அளவா, தடிமன், காஸ்ட் என்ற வார்த்தை, மேல்சட்டத்தின் அகலம், ஓட்டைகளின் விட்டமும் இடமும், கொண்டுவந்து இறக்கும் கூலி. மேல்சட்டம் அகலமாக இருந்தால் வளைவு குறையும், ஆனால் வெளிச்சத்தை மறைக்கும், கை நுழைக்கவும் இடைஞ்சல்.

தொட்டி வந்ததும் உப்பு போடாமல் வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். முன்சுவரின் இரண்டு முனைகளிலும் ஒரே தடிமனுள்ள சின்னக் கட்டை வைத்து, அவற்றின் மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை நிரப்புவதற்கு முன்பு ஒருமுறை, நிரப்பிய மறுநாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை அளந்து குறியுங்கள். மறுநாள் அளவும் ஏழாம் நாள் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உப்பு மூட்டையைப் பிரிக்கலாம், இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் தண்ணீரை இறக்கிவிட்டுச் செய்தவருக்கு போன் போடுங்கள்.