மார்மலேட்டின் கசப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆரஞ்சுப் பழத்தை உரித்தால் சுளையைச் சாப்பிடுவோம், விதையைத் துப்புவோம், தோலைக் குப்பையில் போடுவோம். ஆரஞ்சைத் தோலோடு சர்க்கரையில் காய்ச்சும் மார்மலேட் என்ற ஜாம் வகையைச் செய்கிறவர் அந்தத் தோலையும் விதையையும்தான் முதலில் பத்திரப்படுத்துவார். வீட்டில் மார்மலேட் காய்ச்சுவதில் எனக்கு இருக்கும் ஆசையையும், காய்ச்சிய பிறகு அதைச் சமையலில் எப்படியெல்லாம் சேர்க்கலாம் என்பதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். போர்த்துக்கீசிய மொழியில் சீமைமாதுளம்பழத்துக்கு மார்மெலோ என்று பெயர். பெயரில் மாதுளை இருந்தாலும் அது மாதுளை இல்லை. மஞ்சள் நிறத்தில் ஆப்பிள் போல இருக்கும், பச்சையாகக் கடிக்க முடியாத கெட்டிப் பழம். அதைச் சர்க்கரையில் கிண்டி வில்லையாக வெட்டிய பண்டம் மார்மெலாடா. அந்தப் பெயர்தான் பின்னால் ஆரஞ்சுக்கு வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ஜேனட் கீலர் என்ற பெண்மணி 1790களில் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை அழகானதுதான். ஆனால் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலக் கையெழுத்துச் சமையல் குறிப்புகளில் ஆரஞ்சு மார்மலேட் இருக்கிறது. வீட்டில் செய்த பண்டத்தை வியாபாரமாக்கி ஊர் ஊராக அனுப்பிய பெருமை கீலர் குடும்பத்துக்கு உரியது.

மார்மலேட்டுக்கு என்றே பேர்போன பழம் செவில் ஆரஞ்சு. ஸ்பெயின் நாட்டில் விளைகிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சில வாரங்கள்தான் சந்தையில் இருக்கும். சும்மா உரித்துத் தின்ன முடியாத அளவுக்குப் புளிப்பு, கசப்பு. தடித்த தோல், நிறைய விதை. சாப்பிடுவதற்கு இவையெல்லாம் குறை. காய்ச்சுவதற்கு இவைதான் வேண்டும். ஏனென்றால் மார்மலேட்டை இறுக வைக்கும் பெக்டின், தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் விதையிலும்தான் அதிகம். செவில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சாதாரண ஆரஞ்சோடு எலுமிச்சையோ கிரேப்ஃப்ரூட்டோ சேர்த்துக்கொண்டால் புளிப்பும் கசப்பும் ஓரளவு வந்துவிடும்.

இங்கே எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தோலை இரண்டு மூன்று முறை கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கசப்புப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகும்தான். கசப்பைத் தருகிற நரிஞ்சின் போன்ற பொருள்கள் தண்ணீரில் இறங்கிவிடும். கூடவே பெக்டினும் கொஞ்சம் போய்விடும், மணமும் போய்விடும். மிஞ்சுவது ஆரஞ்சு நிறத்தில் ஒரு சர்க்கரைப் பாகு. தயவுசெய்து அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். சமையலில் மார்மலேட் செய்கிற நல்ல காரியம் எல்லாம் அந்தக் கசப்பால்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். அளவைக் குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பழம் 1 கிலோ, சர்க்கரை 2 கிலோ, தண்ணீர் சுமார் இரண்டேகால் லிட்டர், ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. பழங்களை நன்றாகக் கழுவி, பாதியாக வெட்டிச் சாறு பிழியுங்கள். விதைகளையும் சுளைச் சக்கைகளையும் ஒரு மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டுங்கள். தோலை உங்களுக்குப் பிடித்த கனத்தில் சீவுங்கள். எனக்குத் தீக்குச்சி கனம் பிடிக்கும். எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு, முடிந்தால் ஓர் இரவு ஊறவிடுங்கள்.

மறுநாள் அதே தண்ணீரில், சர்க்கரை சேர்க்காமல், சிறு தீயில் சுமார் இரண்டு மணி நேரம் வேகவிடுங்கள். என்னைக் கேட்டால் மார்மலேட்டின் தலையெழுத்து இந்த இரண்டு மணி நேரத்தில்தான் முடிவாகிறது. முதன்முதலில் செய்தபோது அரை மணி நேரத்திலேயே சர்க்கரையைப் போட்டுவிட்டேன். தோல் கயிறு மாதிரி ஆகிவிட்டது. அதன்பின் எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டும் மெத்தென்று ஆகவில்லை. சர்க்கரை சேர்ந்தபின் தோல் மேற்கொண்டு வேகாது, விறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் மசிய வேண்டும். அதுவரை சர்க்கரைப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் துணி மூட்டையை வெளியே எடுத்து, ஆறியதும் நன்றாகப் பிழியுங்கள். கொழகொழவென்று ஒன்று வெளியே வரும். அதுதான் பெக்டின், ஒரு சொட்டு விடாமல் பாத்திரத்தில் சேருங்கள். பிறகு எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. மிதமான சூட்டில் சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகே தீயைக் கூட்ட வேண்டும். கரையாத படிகம் இருந்தால் பிற்பாடு பாட்டிலுக்குள் கற்கண்டு கட்டும். கொதி வந்ததும் கலவை பொங்கி எழும். அதனால் பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது.

பாகு வைத்துப் பழகியவர்களுக்குப் பதம் என்ற ஒரு சொல்லே போதும். இங்கே பதம் என்பது 104, 105 டிகிரி செல்சியஸ். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே தண்ணீரே 100 டிகிரிக்குக் கீழே கொதிக்கிறது. உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேலே நாலரை டிகிரி என்று கணக்கு வையுங்கள். வெப்பமானி இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு சிறு தட்டை முன்கூட்டியே உறைபெட்டியில் வையுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி மார்மலேட் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருக்கம் விழ வேண்டும். இந்தச் சோதனை செய்யும்போது அடுப்பை அணைத்து வையுங்கள், நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பதம் தாண்டிப் போய்விடலாம். எனக்குத் தட்டைவிடச் சத்தம்தான் நம்பிக்கை. தொடக்கத்தில் சலசலவென்று இருக்கும் கொதி, பதம் நெருங்கும்போது கனத்துப்போய் களகளவென்று மந்தமாகக் கேட்கும். நாலைந்து முறை செய்தால் உங்கள் காதுக்கும் அது பிடிபடும்.

இறக்கியதும் உடனே பாட்டிலில் ஊற்றினால் தோல் எல்லாம் மேலே மிதந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, ஒரு கிளறு கிளறி, சூடு செய்து சுத்தப்படுத்திய கண்ணாடிப் பாட்டில்களில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். மூன்று கிலோவுக்குக் குறையாமல் வரும்.

இவ்வளவையும் ரொட்டியில் தடவியே தீர்க்க வேண்டியதில்லை. வேகவைத்த கேரட்டில் கொஞ்சம் வெண்ணெயும் ஒரு கரண்டி மார்மலேட்டும் போட்டுப் புரட்டிப் பாருங்கள். கேரட்டின் இனிப்பு திகட்டாமல் நிற்கும். கொழுப்பு அதிகமுள்ள வாத்து, பன்றி இறைச்சிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு எனக்குத் தெரியவில்லை. நாக்கில் படியும் கொழுப்பைக் கசப்பும் புளிப்பும் வெட்டிவிடுகின்றன. கோழிக்கு இஞ்சியும் மிளகும் கலந்து பூசலாம். ஆனால் சர்க்கரை சீக்கிரம் கருகும், எனவே ஓவனில் வேகும் கடைசி பதினைந்து நிமிடங்களில் பூசினால் போதும்.

கேக் மாவில் சேர்ப்பதாக இருந்தால் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சாக்லேட் கேக்கில் இரண்டு அடுக்குக்கு நடுவே வைத்தால் இரண்டு விதமான கசப்புகள் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். கெட்டித் தயிரில் ஒரு கரண்டி கலந்தாலே நல்ல காலை உணவு. உங்கள் மார்மலேட் சரியாக இறுகாமல் பாகாகவே நின்றுவிட்டதா? கொட்டிவிடாதீர்கள். சூடான கேக்கின் மேல் ஊற்றி ஊறவிடுங்கள், வெந்நீரில் கலந்து குடியுங்கள்.

பாட்டிலின் அடியில் கரண்டிக்கு எட்டாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதைக் கழுவுவதற்கு முன்னால் அதே பாட்டிலில் எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி கடுகு விழுது போட்டு மூடிக் குலுக்குங்கள். கீரை இலைகளும் வெள்ளரியும் நறுக்கிய சாலட் மேல் அதை ஊற்றினால், அன்றைக்குச் சாலட்தான் முதலில் தீரும்.

வணக்கம்.